பச்சைத்தண்ணிக் கோப்பியும் சின்னராசா அப்புவும்

“இக்கடிதத்தைக் கொண்டுவரும் எஸ். சின்னராசா 1976ஆம் ஆண்டு முதல் எமது பங்களாவில் சமையற்காரராகக் கடமையாற்றி வருகிறார். அமைதியான சுபாவமுடையவர். சக ஊழியரின் உயர்வைக் கண்டு மகிழ்பவர். புதிய முறைகளை விருப்புடன் கற்றுக்கொள்பவர். இவரை எந்தச் சமையலறைக்கும் தயக்கமின்றிச் சிபாரிசு செய்கிறேன்.”

மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள ஹார்விடேல் தோட்டத்துப் பெரிய துரை, 1997இல் வேலையை விட்டுப் போகிறபோது ஆங்கிலத்தில் கொடுத்துவிட்டுப் போன நற்சான்றிதழின் தமிழ் இது. துரைமேல் பிழை சொல்ல முடியாது. லொறியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. 1961இல் வேறொரு துரை வேறொரு சமையற்காரருக்கு எழுதிய கடிதத்தைப் பழைய கோப்பிலிருந்து உருவி, பெயரையும் ஆண்டையும் மாற்றி டைப் அடிக்கச் சொன்னார். கிளாக்கர் அடித்தார். துரை கையெழுத்துப் போட்டார். ஆக, அதிலுள்ள குணங்கள் எல்லாம் எப்போதோ செத்துப்போன ஒரு நல்ல மனிதருடையவை. பெயரும் ஆண்டும் மட்டுமே சின்னராசாவுடையவை.

பங்களாச் சமையற்காரரை மலையகத்தில் அப்பு என்பார்கள். சின்னராசா கெட்டிக்கார அப்பு. விறகடுப்பில் கேக் சுடும்போது உள்ளங்கையை அடுப்பு வாயில் நீட்டி, ஏழு எண்ணுவதற்குள் கை பொறுக்கவில்லை என்றால் சூடு சரி என்று சொல்லிவிடுவார். கேக்கும் அவர் சொன்னபடி கேட்கும். தொழிலில் குறை கிடையாது. குறை கண்ணில் இருந்தது; அது எந்நேரமும் அடுத்தவர் தட்டைப் பார்த்தது. பக்கத்துத் தோட்டத்து அப்பு அழகன் செய்யும் கரமல் புடிங் தம்முடையதைவிட ஒரு விரல் உயரமாக நிற்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டுவிட்டு, அழகன் மகளின் கல்யாணத்துக்குப் போய், மொய் வைத்துவிட்டு, சாப்பிடாமல் திரும்பி வந்தவர் அவர். கேட்டவர்களிடம் வயிறு சரியில்லை என்றார். அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. துரை வீட்டுக்குப் பிரஷர் குக்கர் வந்தபோது மூன்று மாதம் அதோடு பேசவில்லை. பாத்திரத்தோடு யார் பேசுகிறார்கள் என்று கேட்கலாம். சின்னராசா மற்றப் பாத்திரங்களோடு பேசுவார்.

2002இல் சண்டை ஓய்ந்து, வெளிநாட்டுக்காரர்கள் மறுபடியும் மலைக்கு வரத் தொடங்கியபோது, கம்பெனி அந்தப் பங்களாவை விருந்தினர் விடுதியாக மாற்றியது. மேற்பார்வைக்குக் கொழும்பிலிருந்து சஞ்சயன் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வயது, எதையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைப்பவர். அவருடைய ஊரில் அப்பு என்றால் தாத்தா. அதனால் சமையற்காரரை அப்பு என்று கூப்பிடும்போதெல்லாம் தன்னையறியாமல் தோளைக் கொஞ்சம் தாழ்த்துவார். சின்னராசாவுக்கு இது மிகவும் பிடித்திருந்தது. தேவையில்லாத நேரத்திலும் அவர் முன்னால் போய் நிற்பார்.

பிறகு உதவிக்கு ஜீவராணி வந்தாள்.

முப்பத்துநான்கு வயது. ஹார்விடேல் மேல்லயத்துப் பெண்தான்; தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். சைப்ரசில், லிமசோல் என்ற ஊரில், ஒரு ஜெர்மன்காரக் கிழவியின் வீட்டில் ஆறு வருடம் வேலை செய்துவிட்டு, இரண்டு பிள்ளைகளிடம் திரும்பி வந்திருந்தாள். வரும்போது ஸ்வெட்டர்களுக்கு நடுவே சுற்றி ஒரு கண்ணாடி ஜக்கைக் கொண்டுவந்தாள். உயரமானது, கைப்பிடியும் மூடியும் உள்ளது. மற்றவர்கள் தங்கம் கொண்டுவந்தார்கள், டீவி கொண்டுவந்தார்கள். இவள் ஜக்குக் கொண்டுவந்தது லயத்தில் ஒரு வாரச் சிரிப்பாக ஓடியது. சின்னராசாவும் சிரித்தார். அவளைப் பற்றி அவர் மனதாரச் சிரித்தது அதுதான் கடைசி.

பெப்ரவரியில் ஒரு நாள், நல்ல வெயில். மத்தியானம் ஒரு டென்மார்க்குப் பெண் மலையேறிவிட்டு வந்து, சூடாக எதுவும் வேண்டாம், குளிர்ந்த கோப்பி கிடைக்குமா என்றாள். சின்னராசா தமக்குத் தெரிந்தபடி செய்தார். கொதிக்கக் கொதிக்கக் கோப்பி போட்டு, ஆறவைத்து, ஐஸ்கட்டியைப் போட்டு அனுப்பினார். கிளாஸ் முக்கால்வாசி நிரம்பியபடியே திரும்பி வந்தது.

“மாமா, நாளைக்கு நான் போட்டுத் தரவா?” என்று ஜீவராணி கேட்டாள்.

“போடு, போடு. வெள்ளக்காரிக்கு அரக் கிளாசு மிச்சம் வைக்கிற பழக்கம் இருக்கு.”

அன்று சாயந்தரம் அவள் செய்ததை அவர் பக்கத்திலேயே நின்று பார்த்தார். பங்களா வேலியோரக் கோப்பி மரங்களில் பறித்து, காயவைத்து, வறுத்த கொட்டை இருந்தது. அதில் இரண்டு கை எடுத்து உரலில் போட்டு, ஏனோதானோ என்று நாலு இடி இடித்தாள். பொடி ஆகவில்லை, நொய் ஆனது. அதை ஜக்கில் கொட்டினாள். மேலே பச்சைத்தண்ணீர் ஊற்றினாள். மரக்கரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றினாள். மூடினாள். சாமான் அறைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

“அப்பறம்?”

“அவ்வளவுதான் மாமா.”

“அடுப்பு?”

“அடுப்பே வேணாம். பன்னெண்டு பதினாலு மணி நேரம் அது பாட்டுக்குக் கெடக்கட்டும். காலையில வடிச்சா சரி. எங்க மேடத்துக்கு வயித்தெரிச்சல், சூட்டுக் கோப்பி ஆகாது. தெனம் இதான்.”

“நீ என்னா செய்வ, அந்தப் பதினாலு மணி நேரமும்?”

“நானா? தூங்குவேன்.”

மறுநாள் அந்த டென்மார்க்குப் பெண் மூன்று கிளாஸ் குடித்தாள். போகும்போது விருந்தினர் புத்தகத்தில் முக்கால் பக்கம் எழுதினாள். சஞ்சயன் அதை வாசித்துத் தமிழில் சொன்னார்: தேயிலை நாட்டுக்கு வந்து வாழ்நாளின் மிகச்சிறந்த கோப்பியைக் குடித்தேன், மென்மையானது, கசப்பில்லாதது, ஜீவராணிக்கு நன்றி.

பெயர். சின்னராசா அன்று பின்னேரம் யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து புரட்டினார். ஆங்கிலம் அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் தன் பெயர் ஆங்கிலத்தில் எப்படி இருக்கும் என்று தெரியும். சம்பளச் சீட்டில் பார்த்திருக்கிறார். எஸ்ஸில் தொடங்கும் சொல் ஒன்றைக் கண்டு அதில் விரலை வைத்துக்கொண்டார். சஞ்சயனிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

“அது சூப் எண்டு கிடக்கு, அப்பு. சூப் நல்லாயிருந்ததாம்.”

“சூப்பு யாரு வச்சதுன்னு எழுதலயா சார்?”

“இல்லையப்பு. சூப் எண்டுதான் கிடக்கு.”

சின்னராசாவின் பொறாமை அதுவரை அளவோடுதான் இருந்தது. அழகனின் புடிங்கைப் பார்த்துப் பொறாமைப்பட்டாலும், அதற்குப் பின்னால் ஒரு அடுப்பு இருந்தது, ஒரு கை இருந்தது, சுட்ட விரல் இருந்தது. அதைப் பார்த்து வயிறெரிவதில் ஒரு மரியாதை உண்டு. இங்கே ஒருத்தி பச்சைத்தண்ணீரை ஊற்றிவிட்டுத் தூங்கப் போகிறாள். தூங்கி எழுந்தால் பெயர் வருகிறது. இருபத்தாறு வருடம் புகை குடித்த மனிதருக்கு இதைவிடப் பெரிய அவமரியாதையை யாரும் திட்டம் போட்டுக்கூடச் செய்திருக்க முடியாது.

ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று முடிவு செய்தார். எல்லாம் கண்ணாடியில் தெரிந்தது, அதுதான் சந்தேகம். மறைக்க ஒன்றுமில்லாதவள் எதற்காகக் கண்ணாடியில் போடுகிறாள்? தாம் போன பிறகு எதையோ கலக்கிறாள். ஏலக்காயோ, சைப்ரஸ் பவுடரோ. சாமான் அறைச் சாவி அவரிடம்தான் இருந்தது. ஒரு நாள் அவள் ஜக்கை வைத்த கையோடு, அவள் கண்ணெதிரே கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனார். காலையில் அவரே திறந்தார். அவரே வடித்தார். அவரே ஒரு வாய் குடித்தும் பார்த்தார். கோப்பி மிகவும் நன்றாக இருந்தது. அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை, பிரஷர் குக்கரைத் தவிர.

இந்த நிலையில்தான் சஞ்சயன் இருவரையும் கூப்பிட்டு ஒரு செய்தி சொன்னார். விடுதிக்கு ஒரு தலைமைச் சமையல்காரரை நியமிக்கக் கம்பெனி தீர்மானித்திருக்கிறது. பங்களாவுக்குப் பின்னால் உள்ள இரண்டு அறை வீடு இனி அந்தப் பதவிக்கு உரியது. மற்றவர் லயத்திலிருந்து வந்துபோக வேண்டும். மார்ச் முதல் வாரம் கம்பெனிப் பணிப்பாளர் அம்பலவாணர், இரண்டு வெளிநாட்டுப் பயண முகவர்களோடு வருகிறார். அவர் சாப்பிட்டுப் பார்த்த பிறகு பெயரைக் கொழும்புக்கு அனுப்புவோம்.

அந்த இரண்டு அறை வீட்டில்தான் சின்னராசாவும் அவர் மனைவி மீனம்மாவும் இருபத்தாறு வருடமாகக் குடியிருந்தார்கள். அந்த வீட்டுக்கு இன்னொருத்தர் வரலாம் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

“பணிப்பாளர் முக்கியமாக் கேட்டது அந்தக் குளிர்க் கோப்பியை. அதை மறக்காதையுங்கோ,” என்று சஞ்சயன் முடித்தார்.

அம்பலவாணர் வருவதற்கு முதல் நாள் வியாழக்கிழமை. சஞ்சயன் அவர்களை அழைத்துவரக் கொழும்புக்குப் போயிருந்தார். காலையில் ஜீவராணி சேலையை மாற்றிக்கொண்டு, கையில் பையோடு வந்து நின்றாள்.

“மாமா, நோட்டன் பிரிட்ஜ்லருந்து ஆள் வந்திருக்கு. அப்பா வழுக்கி வுழுந்து இடுப்பு எழும்ப மாட்டேங்குதாம். போயிட்டு நாளைக்குப் பத்து மணி பஸ்ஸுக்குள்ள வந்துர்றேன். சாருட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லிருங்க.”

“சொல்றேன், சொல்றேன். போ.”

“கோப்பி மட்டும் இன்னைக்கே போட்டுரணும். கொட்ட வறுத்து வச்சிருக்கேன். நாலே நாலு இடி மாமா, கொறகொறன்னு இருக்கணும், ரவ மாதிரி. அதுக்கு மேல இடிச்சுறாதீங்க.”

“எனக்கே சொல்லித் தர்றியா?”

“ஐயோ, இல்ல மாமா. சும்மா ஞாபகத்துக்குச் சொன்னேன்.”

அவள் போன பிறகு சின்னராசா வெறும் ஜக்கின் முன்னால் நெடுநேரம் நின்றார். அவள் பொய்யான பக்குவம் சொல்லிக் கவிழ்க்கிறாள் என்று அவர் நினைக்கவில்லை. அந்த அளவுக்கு அவளுக்குச் சாமர்த்தியம் இருப்பதாக ஒப்புக்கொள்ள அவருக்கு மனமில்லை. அவர் நினைத்தது வேறு. இவள் தேயிலைத் தொழிற்சாலை வாசலை மிதிக்காதவள், பதினெட்டு வயதில் கல்யாணம், பிறகு வெளிநாடு. இவளுக்குத் தூளைப் பற்றி என்ன தெரியும்? சோம்பேறித்தனமாக நாலு இடி இடித்ததற்கே முக்கால் பக்கம் எழுதுகிறார்கள் என்றால், முறையாகச் செய்தால்?

மீனம்மா மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்தாள். அவள் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பகுதியில் இருபது வருடமாக வேலை செய்பவள். கண்ணை மூடிக்கொண்டு தூளை விரலிடுக்கில் தேய்த்து, இது எந்தச் சல்லடையில் இறங்கியது என்று சொல்லிவிடுவாள்.

“ஏ மீனம்மா, தேயிலையில சாயம் எதுல கூட எறங்கும்?”

“இது ஒரு கேள்வியா? டஸ்டுலதான். பெரிய எல ஊறி ஊறிக் கெடக்கும். டஸ்டு போட்ட ஒடன ரத்தமாட்டம் எறங்கும்.”

“அப்ப கோப்பிக்கும் அதானே?”

“தூளுன்னா தூளுதாங்க. அந்தப் புள்ள என்னா, கல்லாட்டம் போடுது. பாத்துட்டு நானும் நெனச்சேன், பாவம், சலிக்கத் தெரியல போலன்னு.”

தேயிலையில் வளர்ந்த இருவர் கூடி இப்படித்தான் முடிவு செய்ய முடியும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தூள் மெல்லியதாக ஆக ஆக வீரியம் கூடும் என்பது வேறு எந்த ஞானத்துக்கும் முந்திய ஞானம். கொதிநீரில் இரண்டு நிமிடத்தில் இறக்கி எடுக்கும் தேயிலைக்கு அது சரிதான். பதினாலு மணி நேரம் தண்ணீரில் கிடக்கப்போகும் கோப்பிக்கு அந்த ஞானம் பொருந்துமா என்று யோசிக்க இருவரிடமும் காரணம் இல்லை, அவசரமும் இருந்தது.

சின்னராசா ஜீவராணி சொன்ன நாலு இடிக்குப் பதில் முக்கால் மணி நேரம் இடித்தார். மீனம்மா வேலை முடிந்து வரும்போது தொழிற்சாலையில் கழித்துப் போட்ட பழைய சல்லடைத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து சலித்தாள். கப்பியை மறுபடி இடித்து மறுபடி சலித்தார்கள். கடைசியில் கிடைத்தது முகத்துக்குப் பூசலாம் போல இருந்தது. ஜீவராணி போடுவது இரண்டு கை. இவர் மூன்று கை போட்டார். தண்ணீர் ஊற்றியதும் ஜக்கு முழுவதும் ஒரே நொடியில் கறுத்தது.

“பாத்தியா சாயத்த!” என்றார் சின்னராசா. மீனம்மாவுக்கும் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலையில் வடிகட்டத் துணியை விரித்தபோது முதல் சங்கடம் வந்தது. பாதி தூள் துணியை அடைத்துக்கொண்டது, மீதிப் பாதி துணியைத் துணி என்றே மதிக்காமல் உள்ளே போனது. ஜக்கின் அடியில் மூன்று விரல் சேறு நின்றது. மேலே இருந்ததை வாயில் விட்டுப் பார்த்தார். மேல் அண்ணத்தில் வேப்பங்கொட்டையை அரைத்துத் தடவியதுபோல இருந்தது. வேறு கோப்பி போட்டு ஊறவைக்க நேரம் இல்லை. விடியுமுன் கொழும்பில் புறப்பட்ட வேன் வாசலில் நின்றது. ஐஸ் போட்டால் தெரியாது என்று தம்மைத் தாமே நம்பவைத்துக்கொண்டார்.

ஐஸ் போட்டும் தெரிந்தது. வெளிநாட்டுப் பெண் ஒருத்தி நாகரிகமாகச் சிரித்தாள். சிரித்த பல்லெல்லாம் கறுப்பு. அவளோடு வந்தவர் குடிக்காமல் கிளாசை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார். மோசமாகப் போனது அம்பலவாணருக்குத்தான். அவருக்குக் கட்டுப்பல். தூள் பல்செட்டுக்கும் ஈறுக்கும் நடுவே போய்க் குடியேறிவிட்டது. எழுபது வயதுக் கனவான், விருந்தினர் முன்னால் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குளியலறையைத் தேடி ஓடினார்.

சஞ்சயன் சமையலறைக்குள் வந்தார். கையில் அந்தக் கிளாஸ் இருந்தது.

“அப்பு, உதென்ன? உதை ஆர் போட்டது?”

சின்னராசா யோசித்துச் சொன்னார் என்று சொல்ல முடியாது. வாய் தயாராக இருந்தது.

“ஜீவராணிதான் சார். தெனம் அதுதானே போடும்.”

“நேற்றுப் போட்டதோ?”

“ஆமா சார். போட்டு வச்சிட்டு, எங்கயோ போயிருச்சு.”

ஜீவராணி பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்கி, பையோடு பின்வாசலால் நுழைந்தபோது சஞ்சயன் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

“உம்மை நம்பித்தானே விட்டனான்? அந்த மனுசன் பல்லைக் கழட்டிக் கழுவிக்கொண்டு நிக்கிறார். என்ன கோப்பி உது? கேக்காமல் கொள்ளாமல் எங்கை போனீர்?”

அவள் ஜக்கைப் பார்த்தாள். கண்ணாடிதானே, அடியில் நின்ற சேறு எல்லாவற்றையும் சொன்னது. பிறகு சின்னராசாவைப் பார்த்தாள். சின்னராசா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அன்றைய சமையலில் வெங்காயமே இல்லை.

“ஆமா சார்,” என்றாள். “நான்தான். தூளு கொஞ்சம் நைசாப் போயிருச்சு. தப்புத்தான் சார்.”

அன்று மத்தியானம் சின்னராசா சமைத்த ரோஸ்ட்டை அம்பலவாணர் மெல்ல மெல்லச் சாப்பிட்டு, இந்த மனுசன் இருக்கும்போது வேறு யார் என்று கேட்டுவிட்டுப் போனார். சஞ்சயன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். தலைமைச் சமையல்காரர் சின்னராசா. ஜீவராணி இந்த மாதத்தோடு நிற்கட்டும். கடிதம் திங்கட்கிழமை டிரைவர் கையில் கொழும்புக்குப் போகும்.

ஆக, சின்னராசா வென்றார். வீடு இருந்தது, பதவி இருந்தது, போட்டிக்கு ஆள் இல்லை. சனிக்கிழமை முழுவதும் அந்த மகிழ்ச்சியைத் தேடிக்கொண்டிருந்தார். எங்கேயோ வைத்துவிட்டு மறந்ததுபோல இருந்தது.

ஞாயிறு காலை மீனம்மா எங்கோ போய்விட்டு வந்து, ரொட்டிக்கு மாப் பிசைய உட்கார்ந்தாள். முகத்தை அவர் பக்கம் திருப்பவில்லை.

“எங்க போன?”

“ஜீவராணி வூட்டுக்கு.”

“என்னாத்துக்கு?”

“சலிச்சது நானுங்க. எனக்கு ரெண்டு நாளா தொண்டையில எறங்கல. ஏம் புள்ள நீ செய்யாதத ஒத்துக்கிட்டேன்னு கேட்டேன்.”

“என்னா சொன்னா?”

“மாமா வயசான மனுசன், அந்த ரெண்டு காம்பரா வூட்ட வுட்டா எங்க போவாரு, நான்னா திரும்ப சைப்ரஸ் போய்க்கலாம், பாஸ்போட்டு இருக்குன்னு சொல்லுச்சு. யாருட்டயும் மூச்சு வுடாதீங்க அக்கா, மாமா மனசு கஷ்டப்படும்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிக்கிச்சு. ரெண்டு புள்ளைகளும் பக்கத்துல நிண்டு கேட்டுக்கிட்டே இருக்குதுங்க. மறுபடியும் அதுகள வுட்டுட்டுப் போகணும்.” மாவை ஓங்கிக் குத்தினாள். “தங்கமான பொண்ணுங்க அது.”

சின்னராசாவுக்குக் கல்யாணமாகி இருபத்தேழு வருடம். மீனம்மா அவரைக் கெட்டிக்காரர் என்று சொல்லியிருக்கிறாள், முன்கோபி என்று சொல்லியிருக்கிறாள், ஒருமுறை சினிமாக் கொட்டகையில் வைத்து அழகு என்றுகூடச் சொல்லியிருக்கிறாள். தங்கம் என்று சொன்னதில்லை.

“எம்மேல எரக்கப்படுறாளா அவ?”

“எரக்கம்தான். வேறென்னா?”

“எரக்கப்படுற அளவுக்கு வந்துட்டாளா?”

“அதுக்கு ஏங்க இப்பிடிக் கத்துறீங்க?”

சின்னராசா அடுப்பில் விறகைத் திணித்தார். அவள் இங்கிலீசை வைத்துக்கொள்ளட்டும். விருந்தினர் புத்தகத்தில் முக்கால் பக்கத்தை வைத்துக்கொள்ளட்டும். கோப்பி தூங்கத் தூங்க அவளுக்குப் பெயர் சேரட்டும். அதையெல்லாம் எப்படியோ பொறுத்துக்கொண்டு, கடைசியில் அவளைத் தோற்கடித்தும் விட்டார். தோற்ற பிறகு போகிற போக்கில் அவள் நல்லவளாகவும் ஆகிவிட்டாள். அவளுடைய பெருந்தன்மை விட்டுவைத்ததால்தான் தாம் இந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்தபோது, சுவர் நான்கும் அவளுடைய ஜக்கைப்போலத் தோன்றின. அவள் சைப்ரசுக்குப் போய்விடுவாள். அப்புறம் சாகும்வரை மீனம்மா, ரொட்டி தட்டுகிற ஒவ்வொரு நாளும், அந்தத் தங்கத்தை நினைத்துக்கொள்வாள். இங்கே இல்லாத ஆளோடு எப்படிப் போட்டி போடுவது?

திங்கட்கிழமை காலை டிரைவர் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். சஞ்சயன் உறையை ஒட்டிக்கொண்டிருந்தபோது சின்னராசா போய் முன்னால் நின்றார்.

“சார், அந்தக் கோப்பியப் போட்டது நான்.”

“எந்தக் கோப்பி?”

“தொரைக்குப் பல்லுல மாட்டுனது. அந்தப் புள்ள நாலு இடின்னுச்சு. நான்தான் மாவா இடிச்சேன். அது அன்னைக்கு இங்கயே இல்ல, அப்பாவப் பாக்க நோட்டன் பிரிட்ஜ் போயிருந்துச்சு. எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போச்சு. நான் சாருட்டச் சொல்லல.”

சஞ்சயன் பசைக்குச்சியைக் கீழே வைத்தார்.

“அப்ப ஜீவராணி ஏன் தான்தான் எண்டு சொன்னவ?”

“என்னயக் காப்பாத்தவாம்.” அந்தச் சொல்லைக் கசந்த பாக்கைப்போலத் துப்பினார் சின்னராசா.

“அப்பு, உங்களுக்கு இந்த வீடு போயிடும். விளங்குதோ? ஒருத்தரும் கேக்கேல்லை. ஏன் இப்ப வந்து சொல்லுறியள்?”

“அவ நல்லவளா இருந்துட்டுப் போறது எனக்குப் புடிக்கல சார்.”

சஞ்சயன் பேனாவை எடுத்தார். இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் அந்தப் புத்தகத்தில் அன்று ஒன்றும் எழுதவில்லை. உறையை மட்டும் கிழித்தார்.

இந்தச் சம்பவத்தை ஹார்விடேலில் பலர் பலவிதமாகச் சொல்வார்கள். மனச்சாட்சி உறுத்தியது என்பார்கள், மனைவி சண்டை போட்டு அனுப்பினாள் என்பார்கள், மாரியம்மன் கனவில் வந்தாள் என்று சொல்பவர்களும் உண்டு. ஜீவராணி நேரே வந்து, “ஏன் மாமா இப்பிடிப் பண்ணுனீங்க? நான் சமாளிச்சிருப்பேனே!” என்று கண் கலங்கியபோது, “உன்னய யாரு புள்ள கேட்டா? போய் வேலயப் பாரு,” என்று எரிந்து விழுந்தார். அவள் அதையும் அவருடைய பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டாள். அவர் மறுக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவளை முந்திவிட்டதாக அவருக்கும் ஒரு எண்ணம்.

நடந்தது இவ்வளவுதான். 2003 மார்ச் பத்தாம் தேதி காலை சின்னராசா உண்மையைச் சொன்னார். அந்த மாதக் கடைசியில் இரண்டு அறை வீட்டை ஜீவராணிக்கும் அவள் பிள்ளைகளுக்கும் விட்டுக்கொடுத்து, மீனம்மாவோடு மேல்லயத்துக்குக் குடிபோனார். அதற்குப் பிறகு ஆறு வருடம் தினமும் அங்கிருந்து இறங்கி வந்து, அவளுக்குக் கீழே வேலை செய்து, கோப்பிக்கொட்டையை நாலே இடியில் இடித்துக் கொடுத்தார்.